2000-ல் நான் சொன்ன இரண்டு தப்பான பதில்கள்



போன பதிவே நீளம் என்று என் மருமகள் சொன்னாள். இது அதைவிட நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு போன் வந்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையனுடைய அப்பா. பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும். "டீச்சர், நீங்க சொன்னாத்தான் கேப்பான். நல்ல சம்பளம் வாங்குற வேலையை விட்டுட்டு, கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய் படம் எடுக்கப் போறானாம். பொண்டாட்டி புள்ளை இருக்கு. கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றார். குரல் தழுதழுத்தது.

அன்று சாயங்காலமே அவனைக் கூப்பிட்டேன். என்னடா படம் என்றேன். "வைகை ஆறு டீச்சர். வருசநாட்டு மலையில ஆரம்பிச்சு, ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல போய் முடியிற வரைக்கும் கூடவே போறேன். கதை கிடையாது. பேச்சு கிடையாது. தண்ணி, மணல், ஜனங்க, சத்தம். அவ்வளவுதான்" என்றான். "இதை யாருடா உட்கார்ந்து பார்ப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "டீச்சர், பஞ்சாயத்து டிவி ரூம்ல நீங்க எனக்கு ரெண்டு தப்பான பதில் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. அவன்தான் எடுத்துச் சொன்னான்.

2000-ம் வருஷம், காந்தி ஜெயந்தி. பள்ளிக்கூடத்தில் படத்துக்கு மாலை போட்டு, மிட்டாய் கொடுத்து முடித்தபின், பிள்ளைகளைப் பக்கத்திலிருந்த பஞ்சாயத்து டிவி அறைக்குக் கூட்டிப்போனேன். தூர்தர்ஷனில் கறுப்பு வெள்ளையில் காந்தித் தாத்தா விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். இவன் எழுந்து, "ஏன் டீச்சர் இவ்வளவு வேகமா நடக்குறாரு?" என்று கேட்டான். "அவர் அப்படித்தான் நடப்பார்" என்றேன். அடுத்து, "இதையெல்லாம் யாரு டீச்சர் எடுத்தாங்க?" என்றான். "கவர்ன்மெண்ட் எடுத்தது. உட்கார்" என்றேன்.

"பெரியவனானப்புறம் நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன் டீச்சர். அவரைப் பத்தி முதல்ல முழுசா ஒரு படம் எடுத்தது கவர்ன்மெண்ட் இல்லை. கோட்டையூர்க்காரர் ஒருத்தர். நாம தினமும் பஸ்ல தாண்டிப் போற கோட்டையூர்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புத்தி சொல்லக் கூப்பிட்ட நான், புத்தி கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். என் தங்கை மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்த 'அண்ணல் அடிச்சுவட்டில்' புத்தகம் அலமாரியில் பிரிக்காமலே இருந்தது. எடுத்து இரண்டு நாளில் படித்து முடித்தேன். தெரிந்தவர்களிடமும் கேட்டேன். இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த இரண்டு கேள்விகளுக்கும் சரியான பதில் சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. அன்று அந்த அறையில் இருந்த எல்லோரும் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். யார் எடுத்தது?

நம் அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியதே 1948-ல்தான். அதற்குள் காந்தி சுடப்பட்டு இறந்துவிட்டார். ஆக, அவர் உயிரோடு நடமாடிய காட்சிகளை அந்த இலாகா எப்படி எடுத்திருக்க முடியும்? 1968-ல் விட்டல்பாய் ஜவேரி என்பவர், காந்தி நினைவு நிதியும் பிலிம்ஸ் டிவிஷனும் துணை நிற்க, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு பெரிய படத்தைத் தொகுத்தார். நான் 'கவர்ன்மெண்ட்' என்று சொன்னதில் கால் பங்கு உண்மை இருந்தால் அது இதுதான். ஆனால் அதற்கு 28 வருஷம் முன்பே, காந்தி உயிரோடு இருக்கும்போதே, ஒரு தமிழர் அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டார்.

அவர் அ. கருப்பன் செட்டியார். ஏ.கே. செட்டியார் என்றால்தான் தெரியும். 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ரங்கூனுக்குப் போய் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு ஜப்பானுக்குப் போய் டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தார். அங்கிருந்து அமெரிக்கா போய் நியூயார்க்கிலும் படித்தார். போன இடங்களைப் பற்றியெல்லாம் எழுதினார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று அவர் எழுதிய புத்தகத்தின் பேரே பிற்பாடு அவருக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகும் 'சமரியா' என்ற கப்பலில் இருந்தார். அன்று காந்தி பிறந்த நாள். காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று அந்தக் கப்பலில்தான் அவருக்குத் தோன்றியது. அப்போது வயது 26 கூட முடியவில்லை. பின்னால் ஸ்டூடியோ கிடையாது, பெரிய முதலாளி கிடையாது, அரசாங்கம் கிடையாது. அரசாங்கம் எதிர்க்கட்சியாகவே இருந்தது.

கதாநாயகரோ சினிமா என்றாலே முகம் சுளிப்பவர். 1927-ல் அரசாங்கம் அமைத்த சினிமா விசாரணைக் கமிட்டி காந்தியிடம் கருத்துக் கேட்டபோது, சினிமாவால் நன்மை இல்லை என்கிற மாதிரிதான் பதில் அனுப்பினார். கேமராவுக்காக நின்று சிரிக்கிற ஆள் அவர் இல்லை. அப்புறம் எப்படிப் படம் எடுப்பது?

இங்கேதான் செட்டியாருடைய மூளை வேலை செய்தது. எல்லாவற்றையும் தானே எடுக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. காந்தியை யார் யாரோ எங்கெங்கோ ஏற்கெனவே படம் பிடித்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, விட்டுப்போனதைப் புதிதாக எடுத்து, ஒரு மாலையாகக் கட்டிவிடலாம் என்று நினைத்தார்.

துண்டுகள் எங்கே கிடந்தன என்று யோசித்துப் பாருங்கள். 1930-ல் தண்டி யாத்திரையைப் பம்பாய்ப் படக் கம்பெனிகள் சில எடுத்தன. அரசாங்கம் அவற்றைத் தடை செய்தது. 1931-ல் ஒரு அமெரிக்கச் செய்திப்பட நிறுவனம் குஜராத்தில் போர்சாத் என்ற ஊரில் காந்தியைப் பேச வைத்தே எடுத்தது. அதே வருஷம் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போனார். கிழக்கு லண்டனில் ஏழைகள் பகுதியில் தங்கினார். லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களைப் பார்த்தார். சார்லி சாப்ளினைச் சந்தித்தார். போன இடமெல்லாம் கேமராக்கள் பின்னாலேயே போயின. திரும்பும் வழியில் ஸ்விட்சர்லாந்தில் ரோமன் ரோலந்தைப் பார்த்தார். அதற்கெல்லாம் முன்னால் தென்னாப்பிரிக்காவில் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர். இத்தனை துண்டுகளும் இத்தனை நாட்டில், இத்தனை பேர் கையில்.

அந்தக் காலத்துச் செய்திப்படம் என்பது நம் தினசரிப் பேப்பர் மாதிரி. தியேட்டரில் ஒரு வாரம் ஓடும், பிறகு கிடங்குக்குப் போய்விடும். வேண்டுமென்றால் தேடிப்போய், பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்து, இத்தனை அடிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி வாங்கவேண்டும். கடிதம் போட்டால் பதில் வர மாதக் கணக்காகும். அதனால் அவர் நேரிலேயே போனார். இங்கிலாந்து, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று சுமார் மூன்று வருஷம் அலைந்தார். மொத்தம் ஒரு லட்சம் மைல் என்று கணக்குச் சொல்கிறார்கள். முப்பது வருஷ காலத்தில் நூறு கேமராக்காரர்கள் எடுத்த 50,000 அடி பிலிமைச் சேர்த்தார். அதிலிருந்து வடிகட்டியது 12,000 அடி. இந்தியாவில் எடுக்கவேண்டிய காட்சிகளுக்கு, பாரிஸில் ஒளிப்பதிவு படித்துவந்த டாக்டர் பி.வி. பதி உதவினார்.

கணக்கு டீச்சர் இல்லையென்றாலும் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டாமல் எனக்கு மனசு ஆறாது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்கு 16 படம். பேசும்படம் ஒரு வினாடிக்கு 24 படம் ஓடும். அப்படியானால் வினாடிக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. 50,000 அடியை 90-ஆல் வகுத்தால் 555 நிமிஷம், அதாவது ஒன்பதே கால் மணி நேரம். 12,000 அடி என்றால் சுமார் 2 மணி 13 நிமிஷம். நாலு அடி சேர்த்தால் ஒரு அடிதான் படத்தில் நிற்கும். மூன்றடி கீழே போகும். கீழே போன அந்த ஒவ்வொரு அடிக்கும் அலைந்திருக்கிறார், காசு கொடுத்திருக்கிறார். இன்று செல்போனில் நூறு வீடியோ எடுத்து 99-ஐ அழிக்கிறவர்களுக்கு இந்த வலி தெரியாது.

பிலிம் கனமும் ஜாஸ்தி. ஆயிரம் அடிச் சுருள் டின்னோடு சேர்த்து இரண்டு, இரண்டரைக் கிலோ வரும். 50,000 அடி என்றால் 50 டின். நூறு கிலோவுக்கு மேல். அதுவும் சாதாரணச் சாமான் இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட் என்ற வகை. கொஞ்சம் சூடு பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. ராபர்ட் பிளாஹர்டி என்ற அமெரிக்கர் கனடாவின் பனிப்பிரதேசத்தில் எஸ்கிமோ மக்களோடு சுற்றி 30,000 அடி எடுத்துவந்தார். 1916-ல் அவர் பிடித்த சிகரெட்டின் பொறி பட்டு, அத்தனை நெகட்டிவும் சாம்பலானது. மனுஷர் விடவில்லை. ஒரு கம்பளித்தோல் வியாபாரக் கம்பெனியிடம் பணம் பெற்று, மறுபடி அதே பனிக்குப் போய், 1922-ல் 'நானூக் ஆஃப் த நார்த்' படத்தைக் கொண்டுவந்தார். ஊர் சுற்றிப் படம் எடுப்பவர்களுக்கு அதுதான் மூத்த பாட்டன் மாதிரி. செட்டியார் கப்பலிலும் ரயிலிலும் கொண்டு திரிந்த காலத்துப் பிலிமும் இதே ஜாதிதான்.

இப்போது முதல் கேள்வி. காந்தி ஏன் ஓடுகிற மாதிரி நடக்கிறார்?

அவர் வேகமாக நடப்பவர்தான், பொய்யில்லை. ஆனால் டிவியில் பார்த்த அந்த ஓட்டம் அவருடையது இல்லை. ஊமைப்படக் காலத்துக் கேமராக்களில் வினாடிக்கு 16, 18 படம் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் எடுத்தார்கள். கைப்பிடியைச் சுற்றி எடுக்கிறவருடைய கைவேகத்தைப் பொறுத்தும் மாறும். பேசும்படம் வந்தபின் மெஷின் வினாடிக்கு 24 என்று ஓடத் தொடங்கியது. 16 படத்தில் எடுத்த ஒரு வினாடி நடையை 24 வேகத்தில் ஓட்டினால், முக்கால் வினாடிகூட ஆகாமல் முடிந்துவிடும். அதனால்தான் பழைய படத்தில் எல்லோருமே கோமாளி மாதிரி துள்ளுகிறார்கள். இதைச் சரிசெய்ய வேண்டுமானால் இரண்டு படத்துக்கு ஒருமுறை ஒன்றைத் திரும்ப அச்சடித்து நீட்டவேண்டும். அதற்கும் செலவு. பலர் எடுத்த, பல வேகத்துப் பிலிமை ஒரே படத்தில் ஒட்டுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி! தம்பி, உன் முதல் கேள்விக்கு இதுதான் பதில். நீ கேட்டது நல்ல கேள்வி. உன்னை உட்காரச் சொன்னது தப்பு.

அடுத்தவர் எடுத்ததை ஒட்டுவதெல்லாம் ஒரு படமா என்று சிலர் கேட்கலாம். ரஷ்யாவில் எஸ்ஃபிர் ஷுப் என்ற அம்மையார் 1927-ல் இதைச் செய்தார். ஜார் மன்னர் குடும்பத்துக்காக எடுத்த படங்கள், பழைய செய்திப்படங்கள் என்று கிடங்குகளில் ஈரத்தில் கிடந்ததைத் தோண்டி, 60,000 மீட்டர் பிலிமைப் பார்த்து, 'ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்ற படத்தைத் தொகுத்தார். மன்னரின் பெருமைக்காக எடுத்த அதே காட்சிகள் அவர் அடுக்கிய வரிசையில் மன்னரைக் காட்டிக்கொடுத்தன. வரிசைதான் அர்த்தம். வாக்கியத்தில் சொற்களை மாற்றிப் போட்டால் பொருள் மாறும் என்று உங்களுக்கு இலக்கணம் நடத்தினேனே, அதே கதைதான்.

கதையும் பேச்சும் இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்டேனே, அதற்கும் பதில் இருக்கிறது. ஸீகா வெர்டோவ் என்பவர் 1929-ல் 'மேன் வித் எ மூவி கேமரா' என்று ஒரு படம் எடுத்தார். ஒடெஸா, கீவ், கார்கிவ், மாஸ்கோ என்று ஊர்களில் எடுத்ததை ஒரே ஊரின் ஒரு நாள் மாதிரி கோத்தார். கதை இல்லை, நடிகர் இல்லை, நடுவில் எழுத்து அட்டைகூட இல்லை. அப்போது பலருக்குப் பிடிக்கவில்லை. இன்று சினிமா படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம். அதற்கும் பின்னால் போனால், சினிமா பிறந்ததே பயணத்தோடுதான். லூமியேர் சகோதரர்களுடைய ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போனார்கள். 1896 ஜூலை 7-ல் பம்பாய் வாட்சன் ஓட்டலில் அவர்கள் காட்டியதும் ரயில் வருவது, ஆலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவது போன்ற துண்டுப் படங்கள்தான். கதை பிறகு வந்தது.

செட்டியாரிடம் திரும்பி வருகிறேன். அவர் வேலை முடியும் நேரம் பார்த்து 1939 செப்டம்பரில் உலக யுத்தம் மூண்டது. கப்பல் பயணமே உயிருக்கு உத்தரவாதம் இல்லாத காரியமானது. யுத்தம் முற்றிய பிறகு இங்கே பிலிம் தட்டுப்பாடு வந்து, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடே வைத்தது. அவர் தாமதித்திருந்தால் 12,000 அடிப் படம் வெளியே வந்திருக்குமா என்பதே சந்தேகம். அதற்கு முன்பே, 1940 ஆகஸ்டில், சென்னை ராக்ஸி தியேட்டரில் 'மகாத்மா காந்தி' படம் தமிழ் விளக்கவுரையோடு வெளியானது. பிறகு தெலுங்கிலும், பிற்பாடு இந்தியிலும் வந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில், வெள்ளைக்காரரை எதிர்த்தவரைப் பற்றிய படம்! 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் வந்தது. குவென்டின் ரேனால்ட்ஸ் என்ற பெயர்பெற்ற பத்திரிகையாளர் அதற்கு விளக்கம் பேசினார்.

இவ்வளவு செய்தவர் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை பேசவில்லை. 1943 முதல் 1983-ல் கண்மூடும்வரை 'குமரி மலர்' என்ற மாத இதழை நடத்திக்கொண்டிருந்தார். பழைய தமிழ்க் கட்டுரைகளையும் ஆவணங்களையும் தேடித்தேடி அதில் வெளியிட்டார். படம் எடுத்த அனுபவத்தையும் அதில்தான் எழுதினார். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்ததுதான் என் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த புத்தகம்.

இனி வரப்போவது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். லட்சம் மைல் அலைந்து எடுத்த அந்தத் தமிழ்ப் படம் முழுசாக இன்று நம் கையில் இல்லை. நைட்ரேட் பிலிம் எரியாவிட்டாலும் தானே அழியும். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். பல வருஷம் கழித்து வேங்கடாசலபதி தேடியபோது, 1953-ன் ஆங்கில வடிவம்தான் கடல் தாண்டி அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. தமிழில் எடுத்த படத்தைத் தமிழ்நாடு தொலைத்துவிட்டது. அமெரிக்கா பத்திரமாக வைத்திருந்தது.

இன்னொன்று கேளுங்கள். அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று அகப்பட்டதையெல்லாம் தன் வீட்டில் சேர்த்துவைத்தார். அவரைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டோ என்னவோ, நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் 1992-ல் காலமானபின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேமிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்ததால், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒரே ஊர். ஒருவர் சேர்த்த காகிதம் நின்றது. இன்னொருவர் எடுத்த படம் நிற்கவில்லை. எடுப்பது பாதி வேலை, காப்பது மீதி வேலை. இதைத்தான் இந்தப் பத்து நாளில் நான் கற்றுக்கொண்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பையனை மறுபடி கூப்பிட்டேன். படம் எடுக்காதே என்று சொல்லவில்லை. சில விஷயம் சொன்னேன். உங்களில் வேறு யாருக்காவது இந்த ஆசை இருந்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

வேலையை உடனே விடாதே. ஆறு எங்கேயும் ஓடிவிடாது. வைகை விஷயத்தில் தண்ணீர்தான் ஓடாது, ஆறு அங்கேயேதான் இருக்கும். கோடையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, சித்திரைத் திருவிழாவில் ஒருமுறை என்று லீவு போட்டுப் போ. செட்டியாரும் ஒரே மூச்சில் முடிக்கவில்லை, மூன்று வருஷம் ஆனது.

நாள், இடம், செலவு மூன்றையும் தினமும் ராத்திரி நோட்டில் எழுது. பத்து வருஷம் கழித்து எந்தக் காட்சி எந்த ஊர் என்று உனக்கே தெரியாது. டீக்காசு உட்பட எழுதினால்தான் அடுத்த பயணத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று வீட்டுக்குக் கணக்குக் காட்டமுடியும்.

அனுமதியை வாய் வார்த்தையாக வாங்காதே, எழுத்தில் வாங்கு. அணைக்கட்டில் கேமராவை நீட்டினால் கேட்பார்கள். தொல்லியல் துறைக் கோயில்களில் ஸ்டாண்டு போட்டு எடுப்பதற்குத் தனி அனுமதி. டிரோன் பறக்கவிட விதிமுறை இருக்கிறது. ஜனங்களை எடுக்கும்போதும் கேட்டுவிட்டு எடு. குளிக்கிற இடத்தில் கேமராவைத் திருப்பாதே. உன் அம்மாவாக இருந்தால் என்ன செய்வாயோ அப்படி நட.

சத்தம்தான் உன் படம் என்கிறாய். அப்படியானால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடும்போது ஜாக்கிரதை. அந்தப் பாட்டுக்கு உரிமைக்காரர் இருக்கிறார். பின்னால் படத்தை வெளியிடும்போது வந்து நிற்பார்.

எல்லாவற்றையும் மூன்று பிரதி வை. இரண்டு உன்னிடம், ஒன்று வேறு ஊரில். ஹார்டு டிஸ்கும் நைட்ரேட் பிலிம் மாதிரிதான், சொல்லாமல் செத்துப்போகும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "மூணாவது பிரதி உங்க வீட்டுல வச்சிக்கிறீங்களா டீச்சர்?" என்றான். சரி என்றேன். அவன் அப்பாவிடமும் பேசினேன். வேலையை இப்போதைக்கு விடமாட்டான் என்று சொன்னதும் பெருமூச்சு விட்டார். ஆனால் படத்தை விடமாட்டான் என்றும் சொன்னேன். "என்னமோ செய்யட்டும் டீச்சர்" என்றார். முழு மனசோடு சொன்னதாகத் தெரியவில்லை. அவர் கவலை அவருக்கு. அதையும் நான் குறை சொல்லமாட்டேன்.

கடைசியாக ஒன்று. அதே 2000-ம் வருஷம் நாம் மாமல்லபுரம் சுற்றுலா போனோம் அல்லவா? கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிப்போய் ஒரு கேசட் எடுத்தோம். ஆளுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாக வசூலித்தேன், சிலர் வீட்டில் திட்டினார்கள். அந்தக் கேசட் என் பீரோவில்தான் இருந்தது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். டேப் முழுக்க வெள்ளைப் பூசணம். கடைக்காரர் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாதும்மா என்று கையை விரித்துவிட்டார். அதில் நம் தலைமையாசிரியர் ஐயா கடலில் வேட்டியை மடித்துக்கட்டி நிற்பார். அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் போன அந்தப் பிள்ளை, இரட்டைச் சடைக்காரி, அலை வரும்போதெல்லாம் கத்திக்கொண்டு ஓடிவருவாள். அவள் அம்மா இன்னும் இருக்கிறார். அந்தக் கேசட்டைப் பற்றி என்னிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். இருக்கு இருக்கு, ஒரு நாள் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே இருபது வருஷத்தைக் கடத்திவிட்டேன். செட்டியாருடைய படத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று தமிழ்நாட்டைச் சொல்கிறேன். நான் என்ன செய்தேன்?

அன்றைக்கு இரண்டு மூன்று பேர் அந்தக் கேசட்டைப் பிரதி போட்டு வாங்கிப்போனதாக ஞாபகம். யாரிடமாவது பரணில், டிரங்குப் பெட்டியில், அம்மா வீட்டில் கிடந்தால் தேடிப் பாருங்கள். கிடைத்தால் நீங்களே ஓட்டிப் பார்க்கவேண்டாம், டேப் அறுந்துவிடும். என்னிடம் சொல்லுங்கள். வைகைக்காரன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்கிறான். முதல் பிரதி அந்த அம்மாவுக்கு.

பதிவில் தப்பு இருந்தால் கீழே சொல்லுங்கள். இனிமேல் யாரையும் உட்கார் என்று சொல்லமாட்டேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்